அண்ணி தமிழ்நாட்டுல ஆறு வருஷம் ஐசியு நர்ஸ், இங்க வீட்டுல சும்மா இருக்காங்க, வழி இருக்கா?

பிஎம்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. நாங்க மலேசியாவுல பினாங்கு பக்கம் புக்கிட் மெர்தாஜாம். எங்க அண்ணன் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கல்யாணம் பண்ணி அண்ணிய திருச்சி பக்கம் லால்குடியிலேர்ந்து கூட்டிட்டு வந்தாரு. அவங்க பிஎஸ்சி நர்சிங், அங்க ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆறு வருஷம் ஐசியு. வென்டிலேட்டர் கேஸ் எல்லாம் தனியா பாத்தவங்க, கோவிட் நேரத்துல வாரக்கணக்குல வீட்டுக்கே போகாம ஹாஸ்டல்ல தங்கி டூட்டி பாத்திருக்காங்க. இப்ப என்ன பண்றாங்கன்னா எங்கம்மாவோட சேந்து விடிகாலையில வடை சுட்டு பாசார்ல கடைக்கு போடுறாங்க. வடை நல்லாத்தான் இருக்கும், அது வேற கதை.

இத ஏன் இப்ப எழுதுறேன்னா, போன மாசம் அப்பாவுக்கு நெஞ்சு சளி முத்திப் போயி வார்டுல போட்டாங்க. நைட்டுல அவ்ளோ பெட்டுக்கும் ரெண்டே மிஸ்ஸி, அதான் நர்ஸு, ஓடிட்டே இருக்காங்க பாவம், தண்ணி குடிக்கக்கூட நேரமில்ல. பக்கத்து பெட்டு சீனத் தாத்தாவுக்கு டிரிப் ஓடல, கை வீங்கிருச்சு, அண்ணி அத பாத்துட்டாங்க ஆனா தொட முடியாதுல்ல, போயி சொல்லிட்டு வந்து நிக்கிறாங்க, யாரும் வரல, திரும்பப் போறாங்க. வீட்டுக்கு வந்து ரூம்ல உக்காந்து அழுதாங்க. ஆள் பத்தல ஆள் பத்தலன்னு எல்லா பேப்பர்லயும் போடுறான், ஆள் எங்க வீட்டு அடுப்பங்கரையில நிக்குது.

இதுவரைக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில போஸ்ட் பேசிக், அதான் நர்சிங் முடிச்சப்புறம் ஒரு துறையில படிக்கற சிறப்புப் படிப்பு, இருக்கான்னு கேட்டாங்க, இல்லன்னதும் அத்தோட போன் கட். இன்னொரு எடத்துல பஹாசா, அதான் மலாய் மொழி, தெரியுமான்னு கேட்டாங்க, கொஞ்சம் கொஞ்சம்னு சொன்னாங்க, அப்புறம் கூப்டவே இல்ல. ஒரு ஏஜெண்டு நான் எல்லாம் முடிச்சுக் குடுக்கறேன் 6,000 வெள்ளி (ரிங்கிட்) குடுங்கங்கறான். அண்ணன் லாரி ஓட்டறவரு, அவ்ளோ காசுக்கு எங்க போறது. அண்ணி வந்திருக்கறது புருஷன் பாஸ்ல, அதான் இந்த நாட்டுக்காரர கட்டுனவங்களுக்கு குடுக்கற விசா. யாராச்சும் இந்த வழியில போயிருக்கீங்களா? எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

—

ரிட்டையர்ட்_மிஸ்ஸி:

ஏம்மா, மொதல்ல அந்த ஏஜெண்டுக்கு ஒரு காசு குடுக்காதீங்க. நான் 34 வருஷம் வேல செஞ்சு சிஸ்டரா ஓய்வு எடுத்தவ, மொதல்ல கவர்மெண்டு, அப்புறம் பினாங்குல தனியார். இந்தியா, பிலிப்பைன்ஸ், மியன்மார் பிள்ளைங்கள வார்டுல வாங்கி வெச்சு பழக்கி விட்டிருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

இங்க நர்ஸ் வேல பாக்கணும்னா 1950ஆம் வருஷ ஜுருராவாட் (நர்ஸ்) சட்டத்துக்கு கீழ லெம்பாகா ஜுருராவாட் மலேசியா, அதான் எல்ஜேஎம்ங்கற நர்ஸ் வாரியம், அவங்ககிட்ட பேர் இருக்கணும். வெளிநாட்டு நர்ஸுக்கு அவங்க குடுக்கறது டெம்பரரி பிராக்டிசிங் சர்டிபிகேட், எல்லாரும் டிபிசின்னு சொல்லுவோம். இத உங்க அண்ணி தானா போயி கவுண்டர்ல வாங்க முடியாது, வேலைக்கு எடுக்கற ஆஸ்பத்திரிதான் போடணும், அந்த ஆஸ்பத்திரியில வேல பாக்கத்தான் அது செல்லும், அப்பப்ப புதுப்பிக்கணும். ஆக மொதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம்தான் லைசன்ஸ். நெறைய பேரு தலகீழா நெனச்சுட்டு எல்ஜேஎம் வாசல்ல போயி நிக்கறாங்க, புத்ராஜெயா வரைக்கும் போய் வந்த பெட்ரோல் காசுதான் மிச்சம்.

போஸ்ட் பேசிக் விஷயம் சொல்றேன். முன்னாடி அது இருந்தே ஆகணும்னு வெச்சிருந்தாங்க. 2023 அக்டோபர்லேர்ந்து ஒரு வருஷத்துக்கு தனியார் எடங்களுக்கு அத தளர்த்தி விட்டாங்க, டாக்டர் ஜலிஹா முஸ்தபா சுகாதார அமைச்சரா இருந்தப்போ, ஆள் பத்தாத கொடுமைதான் காரணம். இப்படி ரூல் ஏறும் இறங்கும். அதனால ஒரு தடவ போன்ல இல்லன்னுட்டாங்கன்னு விட்டுறாதீங்க, ரிசப்ஷன்ல போன் எடுக்கற பிள்ளைக்கு எது ஓடுதுன்னு தெரியாது. மேட்ரன், அதான் தலைமை நர்ஸ், அவங்க ஆபீஸ்னு கேட்டு நேரா அங்க பேசுங்க.

இந்தியாவுலேர்ந்து வர வேண்டிய பேப்பர்தான் மாசக்கணக்கா இழுக்கும், அத இன்னிக்கே ஆரம்பிங்க. சென்னையில தமிழ்நாடு நர்சஸ் கவுன்சில்லேர்ந்து அவங்க பதிவு உயிரோட இருக்கு, புகார் எதுவும் இல்லன்னு ஒரு கடுதாசி. எம்ஜிஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டி கீழ படிச்சிருந்தா கிண்டியிலேர்ந்து டிரான்ஸ்கிரிப்ட். பழைய ஆஸ்பத்திரியிலேர்ந்து எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், அதுல சும்மா ஸ்டாஃப் நர்ஸ்னு போட்டா பத்தாது, ஐசியு, எந்த தேதியிலேர்ந்து எந்த தேதி வரைக்கும்னு இருக்கணும். அப்புறம் பேரு! இந்தியா பிள்ளைங்களுக்கு இந்த பேருதான் பெரிய தலவலி. சர்டிபிகேட்ல இனிஷியலோட ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல அப்பா பேர நீட்டி ஒரு மாதிரி, கல்யாணத்துக்கப்புறம் புருஷன் பேர போட்டு இன்னொரு மாதிரி. மூணும் ஒரே ஆளுதான்னு ஒரு அஃபிடவிட் எடுத்து வெச்சுக்கோங்க, இல்லாட்டி எல்லாம் முடிஞ்ச நேரத்துல திருப்பி அனுப்புவாங்க.

இதெல்லாம் பேப்பர். பேப்பர் எப்டியும் வந்துரும். வார்டுக்குள்ள வந்தப்புறம்தான் அந்தப் பிள்ளைங்க தடுமாறுறத பாத்திருக்கேன், வேல தெரியாம இல்ல, வார்த்த தெரியாம. டிரிப் போடற ஊசிக்குழாய அங்க வென்ஃப்ளான்னு சொல்லுவாங்க, நாம பிரானுலான்னு சொல்றோம். சுகர் பாக்கறதுக்கு அங்க ஜிஆர்பிஎஸ், இங்க டிஎக்ஸ்டி. பேஷண்டோட ஃபைலு அங்க கேஸ் ஷீட், இங்க பெட் ஹெட் டிக்கெட், சுருக்கமா பி.எச்.டி. வந்து ரெண்டாவது நாளு வார்டு டாக்டரு ஒரு பிள்ளைகிட்ட பி.எச்.டி. எங்கன்னு கேட்டாரு, அது முழிச்சிட்டு, சார் நான் பிஎஸ்சிதான் முடிச்சிருக்கேன்னுச்சு. இன்னி வரைக்கும் நாங்க பழைய ஆளுங்க கூடுனா அத சொல்லி சிரிப்போம், அந்தப் பிள்ளையும் சேந்துதான் சிரிக்கும், இப்ப நல்ல நெலமையில இருக்கு.

எல்லாமே சிரிக்கற விஷயமா முடியாது. இன்னொரு பிள்ளை, கைராசியான பிள்ளை, பிரானுலா போட்டா ஒரே குத்துல ஏறும். ஒரு மக்சிக், அதான் வயசான மலாய் அம்மா, நெஞ்சுல கைய வெச்சுட்டு அங்ஙின் அங்ஙின்னு சொல்லுது. இந்தப் பிள்ளைக்கு மலாய்ல அங்ஙின்னா காத்துன்னு மட்டும் தெரியும், பாவம் வேக்குது போலன்னு நெனச்சு ஃபேன இழுத்து பக்கத்துல வெச்சு விட்டுட்டு அடுத்த பெட்டுக்கு போயிருச்சு. நான் ரவுண்டுல வந்து பாத்தா மக்சிக்குக்கு குப்புன்னு வேர்த்திருக்கு, மூஞ்சி சாம்பல் கலரு. ஈசிஜி எடுத்தா ஹார்ட் அட்டாக். பொழச்சுக்கிச்சு, ஆனா அந்தப் பிள்ளை ரெண்டு நாள் சோறு திங்கல. நம்ம ஊரு பெருசுங்க நெஞ்சுல என்ன வந்தாலும் அங்ஙின்னுதான் சொல்லும்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நாங்க யாரும் சொல்லல. அது எங்க தப்புதான்.

அதனால உங்க அண்ணிக்கு ஒரு வேல வெச்சுக்குடுங்க. பஹாசா கிளாஸ்லாம் அப்புறம். மொதல்ல வலி வார்த்த. சாகிட்னா எல்லாருக்கும் தெரியும். சுச்சுக்னா குத்துற மாதிரி, செனாக்னா மேல்வயித்துல அடைக்கற மாதிரி, கெபாஸ் மரத்துப் போறது, லெங்ங்கோ அசதியா கடுக்கறது, செம்புட் மூச்சு வாங்கறது, பெனிங் தலசுத்து. பினாங்குன்னா கொஞ்சம் ஹொக்கியெனும், அதான் இங்கத்த சீனவங்க பேச்சு, காதுல விழணும், பெருசுங்க அதுலதான் பேசும். சந்தைக்கு வடை போடப் போறாங்கல்ல, அங்கயே பேசிப் பழகச் சொல்லுங்க, எந்த கிளாஸும் அந்த மாதிரி வராது.

—

நைட்ஷிப்ட்:

நான் கோலாலம்பூர்ல ஒரு கவர்மெண்டு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ், இப்பத்தான் நைட்டு முடிச்சு வந்து பசியாறிட்டு படிக்கறேன். சிஸ்டர் சொன்னதெல்லாம் சரி. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், கோச்சுக்காதீங்க.

இந்த நாட்டுல நர்ஸ் படிச்சவங்க இல்லையா? இருக்காங்க, நிக்கல, அவ்ளோதான். என் பேட்சுல என்கூட வார்டுல ஆரம்பிச்சவங்கள்ல பாதிப் பேரு சிங்கப்பூரு, மிச்சம் சவூதி. சிங்கப்பூர்க்காரன் 2024ல ஏஞ்சல்னு ஒரு திட்டம் அறிவிச்சான், அரசு ஆஸ்பத்திரி நர்ஸுங்க தொடர்ந்து நின்னா 20 வருஷத்துல 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரைக்கும், வெளிநாட்டு நர்ஸுக்கும் நாலு வருஷம் வேல செஞ்சிருந்தா உண்டு. இங்க என்ன நடந்துச்சு? 2024 டிசம்பர்ல புது சம்பள முற வந்தப்போ வாரத்துக்கு 42 மணி நேரத்த 45 ஆக்கறோம்னு கெளம்புனாங்க, நாங்க கத்துன கத்துல தள்ளி வெச்சாங்க. ஆள் பத்தலன்னு இருக்கறவங்க தலையில ஏத்துறது, அவங்க ஓடுனா வெளியேர்ந்து ஆள் கொண்டாறது, அந்த ஆளும் இங்க ரெண்டு வருஷம் பழகிட்டு லண்டனுக்கு பறக்கறது. ஓட்ட வாளியில தண்ணி.

அப்புறம் புதுசா வர்றவங்கள பழக்கறது யாரு? நாங்கதான். எனக்கு பேஷண்டு கொறையாது, ஷிப்ட் மாத்தும்போது குடுக்கற பாஸ் ஓவர் ரிப்போர்ட் கொறையாது, கூட ஒரு ஆளுக்கு எல்லாம் சொல்லிக் குடுக்கணும், அதுக்கு ஒரு சென் அலவன்ஸ் கெடையாது. அந்த ஃபேன் கத படிச்சேன் சிஸ்டர், அன்னிக்கு அந்தப் பிள்ளைகூட ஒரு சீனியர் நின்னிருந்தா அது நடந்திருக்காது, சீனியர் ஏன் நிக்கலன்னா அவளுக்கே எட்டு பெட்டு இருந்திருக்கும்.

பிஎம்_பொண்ணு, உங்க அண்ணி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, நெசமா. அவங்க இங்க வாழ்க்கப்பட்டு வந்தவங்க, எங்கயும் ஓடப் போறதில்ல, அந்த மாதிரி ஆளத்தான் மொதல்ல எடுக்கணும். அத இண்டர்வியூல நீங்களே அழுத்திச் சொல்லுங்க, எச்ஆருக்கு அது காதுல தேனா விழும்.

—

சென்டூல்காரன்:

நைட்ஷிப்ட் அக்கா சொல்றது உலகம் பூரா இருக்கற கததான். உலக சுகாதார நிறுவனம் 2025ல விட்ட அறிக்கையில உலகத்துல மொத்தம் 2 கோடியே 98 லட்சம் நர்ஸ், பத்தாக்கொற 58 லட்சம், ஏழுல ஒரு நர்ஸ் வேற நாட்டுல பொறந்தவங்கன்னு போட்டிருந்தாங்க. நம்ம பிள்ள அங்க போறா, அவங்க பிள்ள இங்க வருது.

எங்க பெரியம்மா மவ ஈப்போக்காரி, இங்க டிகிரி நர்ஸு, புருஷனோட கனடாவுல பிராம்ப்டன் போனா. போயி என்ன வேல பாத்தா தெரியுமா, மூணு வருஷத்துக்கு மேல முதியோர் இல்லத்துல கெழவங்கள குளிப்பாட்டி விடற வேல. அது கேவலமான வேலன்னு சொல்ல வரல, ஆனா பக்கத்து வார்டுல நர்ஸ் இல்லாம படுக்கைய மூடி வெச்சிருக்கான், இவ உள்ளயே நர்ஸா நிக்கறா, தொடக்கூடாது. பிஎம்_பொண்ணு எழுதுன டிரிப் கத அப்படியே அவ கத.

அவளுக்கு மாட்டுனது ரெண்டு எடம். என்க்ளெக்ஸ்ங்கற நர்ஸ் லைசன்ஸ் பரீட்ச பாஸ் பண்ணிட்டா, ஆனா அந்த ஒன்டாரியோ மாகாணத்து நர்சிங் காலேஜ், அதான் அங்கத்த எல்ஜேஎம் மாதிரி, கடைசி மூணு வருஷத்துக்குள்ள நர்ஸா வேல பாத்த அத்தாட்சி கேட்டான். வேல பாக்க லைசன்ஸ் வேணும், லைசன்ஸுக்கு வேல பாத்திருக்கணும். முட்டையா கோழியாங்கற கததான். கோவிட்ல ஆஸ்பத்திரிங்க திணறுனதுக்கப்புறம் 2022 ஜனவரியில ஒரு வழி திறந்தான். ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸோட மேற்பார்வையில கொறஞ்சது 140 மணி நேரம் வேல பாத்தா அதையே அத்தாட்சியா எடுத்துக்கிட்டான், இங்கிலீஷ் தேர்ச்சிக்கும் அதையே காட்ட முடிஞ்சுது, தனியா பரீட்ச தேவைப்படல. 140 மணி நேரம்னா நாலு வாரந்தான்யா! மூணு வருஷமா முடியாதது நாலு வாரத்துல முடிஞ்சுது. டொரொன்டோவுல கேர் சென்டர்னு 2001லேர்ந்து வெளிநாட்டு நர்ஸுங்களுக்குன்னே ஒரு எடம் இருக்கு, அவங்கதான் ஃபாரம் போடறதுலேர்ந்து கைபுடிச்சு கூட்டிட்டுப் போனாங்களாம்.

இப்ப இங்க அந்த மாதிரி புருஷன் பாஸ்ல வந்த நர்ஸுக்குன்னு ஒரு நாலு வாரம் வார்டுல நிக்க விட்டு பாத்து சொல்றதுக்கு என்னா கஷ்டம்? லால்குடியிலேர்ந்தும் கேரளாவுலேர்ந்தும் வாழ்க்கப்பட்டு வந்து, சென்டூல்ல கிள்ளான்ல வீட்டுக்குள்ள ஒக்காந்திருக்கற நர்ஸுங்க எனக்கே மூணு பேரத் தெரியும். இந்த நாடு அவங்களுக்கு டிக்கெட் செலவு, தங்கற எடம்னு ஒண்ணும் பண்ண வேணாம், ஏற்கனவே இங்கதான் சோறு தின்னுட்டு இருக்காங்க.

இன்னொண்ணு, கேப்பு, அதான் வேல பாக்காம விட்ட இடைவெளி. அண்ணி வந்து ரெண்டு வருஷம் ஆச்சுங்கறீங்க. எந்த நாட்டுலயும் அந்த கேப்பத்தான் மொதல்ல கேப்பான். தள்ளிப் போடாதீங்க.

—

எச்ஆர்_தம்பி:

தனியார் ஆஸ்பத்திரி எச்ஆர்ல இருக்கேன், எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. சுருக்கமா சொல்றேன்.

பாஸ் வேற, லைசன்ஸ் வேற. புருஷன் பாஸ்ல இருக்கறவங்க வேல பாக்கலாம், ஆனா ஆஃபர் லெட்டர் எடுத்துட்டு அண்ணன்கூட இமிகிரேஷன் போயி பாஸ்ல அனுமதி வாங்கணும். அது கெடச்சாலும் டிபிசி இல்லாம நர்ஸ் வேல செய்யக்கூடாது. சில எடத்துல, நர்ஸ் வேலைதான் ஆனா பேரு கேர்கிவர்னு வெச்சுக்கலாம் வாங்கன்னு ஆச காட்டுவான், ஊசி போட வெப்பான், ஏதாச்சும் ஆனா மாட்டறது அவங்கதான், அவன் இல்ல. கேர்கிவர்னா கேர்கிவர் வேல மட்டும் செய்யணும்.

ஏஜெண்டு பத்தி. அங்கேர்ந்து நேரா வேலைக்கு வர்ற நர்ஸுங்களுக்குத்தான் இந்தியா கவர்மெண்டு 2015லேர்ந்து கிடுக்கிப்பிடி போட்டிருக்கு, மலேசியாவும் அது செல்லுற 18 நாட்டு லிஸ்ட்ல இருக்கு, தமிழ்நாட்டுல ஓஎம்சிஎல்ங்கற அரசு நிறுவனம் மாதிரி எடங்க வழியாத்தான் வரணும். உங்க அண்ணி கல்யாணமாயி வந்தவங்க, அவங்களுக்கு ஏஜெண்டே தேவையில்ல. 6,000 வெள்ளிக்கு அவன் பண்ணப் போறது நான் சொன்ன ஃபாரத்த நிரப்பறதுதான்.

ரெஸ்யூம்ல நான்கு வரியில கடின உழைப்பாளி நேர்மையானவர்னெல்லாம் எழுதாதீங்க, கண்ணு அங்க போகவே போகாது. எத்தன பெட்டு ஐசியு, ஒரு நர்ஸுக்கு எத்தன பேஷண்டு, வென்டிலேட்டர் எந்த மாடல், டயாலிசிஸ் பாத்திருக்காங்களா, ஏபிஜி (ரத்தத்துல வாயு அளவு பாக்கற டெஸ்ட்) எடுப்பாங்களா, இத எழுதுங்க. அந்த ரெண்டு வருஷ கேப்ப மறைக்காதீங்க. கல்யாணம், நாடு மாறினது, இந்த நேரத்துல என்ன கத்துக்கிட்டாங்கன்னு நேரா எழுதுங்க. ஒரு பிஎல்எஸ், முடிஞ்சா ஏஎல்எஸ், அதான் அவசரத்துல உயிர் காப்பாத்தற பயிற்சி, அந்த கோர்ஸ் இங்கயே போயிட்டு அந்த சர்டிபிகேட்ட வெச்சா கேப்பு பாதி மறைஞ்சிரும்.

—

பிஎம்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ஒரே நாள்ல இவ்ளோ வரும்னு நெனக்கல. எல்லாத்தையும் அண்ணிக்கு படிச்சுக் காட்டுனேன். பி.எச்.டி. கதைக்கு கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க, ஃபேன் கதைக்கு அப்படியே அமைதியாயிட்டாங்க. அப்புறம் மெதுவா, நானா இருந்தாலும் ஃபேனத்தான் போட்டிருப்பேன்னாங்க.

சிஸ்டர் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பழைய ஆஸ்பத்திரியில எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் குடுக்க மாட்டேங்கறாங்களாம், நோட்டீஸ் பீரியட் முழுசா முடிக்காம கல்யாணத்துக்கு கெளம்பிட்டாங்கன்னு. இப்ப என்ன பண்றது?

—

ரிட்டையர்ட்_மிஸ்ஸி:

நெறைய பிள்ளைங்களுக்கு இதே பாடுதான்மா. சண்ட போட்டா இன்னும் இழுப்பாங்க. அண்ணியோட அப்பாவயோ தம்பியையோ நேர்ல போகச் சொல்லுங்க, மின்னஞ்சல் அனுப்பிட்டு இருந்தா யாரும் திறந்து பாக்க மாட்டாங்க. நோட்டீஸ் காசு பாக்கி எவ்ளோன்னு எழுத்துல கேட்டு, கட்டிட்டு ரசீதோட லெட்டர வாங்கிரச் சொல்லுங்க, ஏஜெண்டுக்கு குடுக்கற அளவுக்கு ஆகாது. அதுவரைக்கும் அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, பிஎஃப் கணக்கு எது இருந்தாலும் தேடி எடுத்து வைங்க. அங்க நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் யாராச்சும் நல்ல மாதிரி இருந்தா அவங்ககிட்ட அண்ணி ஒரு போன் பேசட்டும், ஆபீஸ்காரன் செய்யாதத அவங்க ஒரு வார்த்தையில செய்வாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான்.

நைட்ஷிப்ட் தங்கச்சி, நீ சொன்னது என் மனசுல குத்துச்சு. நீ சரியாத்தான் சொன்ன, அன்னிக்கு அந்த சீனியருக்கு எட்டு இல்ல, பதினோரு பெட்டு. போயி தூங்கு.

—

பிஎம்_பொண்ணு:

மூணு வாரம் ஆச்சு, அப்டேட் போடறேன்னு சொல்லிட்டு போடல, மன்னிச்சுக்கோங்க. அண்ணியோட தம்பி நேர்ல போயி ரெண்டு நாள் வாசல்ல ஒக்காந்து லெட்டர் வாங்கிட்டாரு, ஐசியுன்னு தேதியோட இருக்கு. கவுன்சில் பேப்பருக்கு போட்டாச்சு, இன்னும் வரல. அஃபிடவிட் எடுத்தாச்சு, மூணு பேரும் ஒரே ஆளுதான்னு. பினாங்கு தீவுல ஒரு ஆஸ்பத்திரியில மேட்ரன் ஆபீஸ்னு கேட்டு பேசுனேன், அந்த அம்மா நேரா ஐசியுவான்னு கேட்டாங்க, ஆமான்னேன், வெள்ளிக்கிழம காலையில கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. ஆஃபர் எல்லாம் ஒண்ணும் சொல்லல, பாக்கறோம்னுதான் சொன்னாங்க.

வீட்டுல இப்ப ஒரே நாடகம். அம்மா தெனம் சோபாவுல படுத்துட்டு மக்சிக் மாதிரி நடிக்கறாங்க, செனாக்லா மிஸ்ஸி, சுச்சுக் சுச்சுக்லான்னு, அண்ணி பக்கத்துல நின்னு கேள்வி கேக்கறாங்க, எப்பலேர்ந்து, எந்தப் பக்கம், கையில எறங்குதான்னு மலாய்லயே. நேத்து அம்மா நெஞ்சுல கை வெச்சு அங்ஙின்னாங்க, அண்ணி ஒரு செகண்டு நிக்காம ஓடிப் போயி பிபி மெஷின எடுத்துட்டு வந்துட்டாங்க. அம்மாவுக்கு நெசமாவே 160 இருந்துச்சு, இப்ப கிளினிக்ல மருந்து குடுத்திருக்காங்க.

வெள்ளிக்கிழம கடைக்கு வடை வராதுன்னு சொல்லியாச்சு.